வலி எங்கே போச்சு? கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டின் கதை

இந்த எபிசோடை எங்க பெரியப்பாவோட வலது காலில் இருந்து ஆரம்பிக்கிறேன். அவர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன். "பேரை மட்டும் சொல்லாத தம்பி, மத்தபடி என்ன வேணா பேசிக்க" என்றார்.

எங்க ஊர் விருத்தாசலம். சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போனவர்கள் அந்த ஜங்ஷனைப் பார்த்திருப்பீங்க. ஊருக்கு ரெண்டு அடையாளம். ஒன்று, பழமலைநாதர் கோயில். இன்னொன்று, செராமிக். கார்த்திகைக்கு வாங்குற பீங்கான் அகல், கொலு பொம்மை, பழைய வீட்டு மெயின் போர்டில் இருக்குமே வெள்ளை ஃபியூஸ் கட்டை, இதில் நிறைய எங்க ஊர் சூளையில் வெந்ததுதான்.

பெரியப்பா 30 வருஷத்துக்கு மேல அந்த வேலை பார்த்தவர். சூளையைப் பிரித்ததும், முழுசாக ஆறாத கப்பை வெறுங்கையால் எடுத்து அடுக்குவார். சின்னப் பசங்க நாங்க வாயைப் பிளந்து பார்ப்போம். "கை காச்சுப் போச்சு தம்பி, சூடெல்லாம் ஏறாது" என்பார். அது எங்க குடும்பத்தில் ஒரு பெருமையான விஷயம்.

அவருக்கு 15 வருஷமாக சர்க்கரை. போன சித்திரையில், பேத்திக்காக ஒரு வேண்டுதல் என்று உச்சி வெயிலில் கோயில் வெளிப் பிராகாரத்தை வெறுங்காலில் மூணு சுத்து சுத்தினார். மத்தவங்க எல்லாம் நிழல் தேடி ஓடி ஓடிப் போகிறார்கள். இவர் மட்டும் நிதானமாக நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். சாயங்காலம் பெரியம்மா தரையைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, எதையாவது மிதிச்சிட்டு வந்தீங்களா, அடி அடியா ஈரமா இருக்கு?" என்று கேட்டார். காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். ஒன்று உடைந்து, அந்தத் தண்ணிதான் தரையில்.

வலிச்சுதா என்று கேட்டால், "ஒண்ணுமே தெரியலடா" என்கிறார்.

கொப்புளம் எல்லாம் ஆறியது. ஆனால் பெருவிரலுக்குக் கீழே ஒரே ஒரு இடம் மட்டும் புண்ணாக நின்றுவிட்டது. மருந்து போட்டார்கள், கட்டு மாற்றினார்கள். வாரம் வாரமாகப் போச்சு, மூடவில்லை. கடைசியில் ஒரு டாக்டர், புண்ணில் சீழ் இல்லை, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டார். எலும்பே உடையாத காலுக்கு மாவுக்கட்டு! பெரியம்மா டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, இது தொழுநோய்க் காலைப் பார்த்துப் பார்த்து வேலூர்ப் பக்கம் கத்துக்கிட்ட வைத்தியம்" என்றார்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேடப் போனதில்தான் எனக்கு டாக்டர் பால் பிராண்ட் கிடைத்தார்.

பேரைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று நினைப்பீங்க. வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம்ம கொல்லிமலையில், 1914 ஜூலை 17. அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின், இருவரும் மிஷனரிகள். மலை மேல் டாக்டர் கிடையாது. அதனால் கொஞ்சம் மருத்துவம் தெரிந்த ஜெஸ்ஸியே பல்லும் பிடுங்குவார், சீழ்க்கட்டியும் கீறுவார், காலில் இருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பார். பையனுக்கு இதெல்லாம் பார்த்துக் குமட்டும். வாழ்க்கையில் டாக்டர் வேலைக்கு மட்டும் போகக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான். ஒரு நாள் தொழுநோய் வந்த மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். எதற்கும் பயப்படாத அப்பா அன்றைக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டு கட்டுப் போட்டார். அது அவன் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

9 வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அப்பாவை அவன் பார்க்கவே இல்லை. 1929-ல் மலேரியா முற்றி ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார். தந்தியில் சாவுச் செய்தி முதலில் வந்துவிட்டது. கப்பலில் கிளம்பியிருந்த அப்பாவின் கடிதம் அதற்கப்புறம் வந்து சேர்ந்தது. எவலின் மலையை விடவில்லை. வயதாகிவிட்டது, திரும்பி வாங்க என்று மிஷன் சொன்னபோது, அந்த வேலையில் இருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு தன் பொறுப்பில் மறுபடி மலை ஏறினார். 1974-ல், 95 வயதில் இறக்கும் வரைக்கும் இங்கேதான்.

பால் பிராண்ட், தான் நினைத்தபடியே டாக்டருக்குப் படிக்கவில்லை. பள்ளி முடித்ததும் கட்டிட வேலைக்குப் போனார். தச்சு, கொத்து, எல்லாம் சில வருஷம் கையால் கற்றுக்கொண்டார். மிஷனுக்காக ஒரு சின்ன மருத்துவக் கோர்ஸ் செய்தபோதுதான், இது பிடித்திருக்கே என்று தோன்றி, லண்டனில் மருத்துவம் சேர்ந்தார். ஜெர்மன் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் சர்ஜரி பயிற்சி. கூடப் படித்த மார்கரெட்டை 1943-ல் கல்யாணம் செய்துகொண்டார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். சின்னக் குழந்தைகளோடு மார்கரெட் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார்.

இனிமேல்தான் கதை. அவரை இந்தியாவுக்குக் கூப்பிட்ட டாக்டர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் நிபுணர். செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். அங்கே எங்கே பார்த்தாலும் விரல் மடங்கிப்போய், பருந்து நகம் மாதிரி ஆன கைகள். எலும்பு சர்ஜன் ஒருத்தர்கூட இதைப் பார்க்கவில்லையா என்று பிராண்ட் கேட்கிறார். இல்லை என்பது பதில். அத்தனை லட்சம் பேருக்கு இருக்கிற ஊனம், ஆனால் அதை நிமிர்த்த முடியுமா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. ஏன் என்றால், சதை அழுகுகிற நோய், ஆபரேஷன் செய்து என்ன ஆகப்போகுது என்கிற நினைப்பு.

பிராண்ட் ஒரு நோயாளியின் கையில் தன் கையைக் கொடுத்து, "நல்லா அழுத்துங்க" என்றார். அந்த மடங்கிப்போன கை அவர் கையை ஒரு நெரி நெரித்தது. வலியில் கத்தாத குறை. ஆனால் கையை இழுக்கும்போதே அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது: இவ்வளவு பலம் இருக்கிறது என்றால், இந்தக் கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கு.

கொஞ்சம் உடற்கூறு பேசலாம், போர் அடிக்காது. முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்கும் இல்லையா? அங்கே ஒரு நரம்பு தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுகிறது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். நரம்பு எங்கெல்லாம் தோலை ஒட்டி வருகிறதோ, அதாவது முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்பக்கம், அங்கே எல்லாம் அது உட்கார்ந்து நரம்பைக் கெடுக்கும். இறந்தவர்களின் உடலைத் திறந்து, நரம்பை நீளமாகப் பிரித்துப் பார்த்து, எந்த இடத்தில் வீங்கியிருக்கிறது என்று பிராண்டின் குழு குறித்துவைத்தது. எந்த ஆளை எடுத்தாலும் அதே இடங்கள்தான்.

கேபிள் எங்கே அறுந்தது என்று தெரிந்துவிட்டால், அறுந்த இடத்துக்கு முன்னாடி கிளை பிரிகிற தசைகள் எல்லாம் உயிரோடு இருக்கும் என்றும் தெரியும். அதில் ஒரு நல்ல தசையின் தசைநாரை எடுத்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய், செயலிழந்த விரலில் தைத்தால் விரல் நிமிரும். எங்க பாஷையில் சொன்னால், ஒரு சர்வர் விழுந்துடுச்சு, டிராஃபிக்கை வேறு வழியில் திருப்பி விடுறோம். 1940-களின் கடைசியில் வேலூரில் இதை ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும் வேலை முடியாது. பழைய தசைக்குப் புது வேலை என்று மூளைக்குப் பல வாரம் பயிற்சி கொடுக்க வேண்டும்.

நான் படித்ததிலேயே என்னை அடித்துப்போட்ட இடம் இதற்கு அப்புறம் வருகிறது. கை சரியாகி வீட்டுக்குப் போன சிலர் திரும்பி வந்து, "டாக்டர், இந்தக் கையைக் காட்டினா யாரும் பிச்சை போட மாட்டேங்கறாங்க" என்றார்கள். தொழுநோய் வந்தவர் என்று யாரும் வேலையும் தரவில்லை, வீட்டிலும் சேர்க்கவில்லை, இப்போது பிச்சையும் போச்சு. ஆபரேஷன் வெற்றி, ஆள் பட்டினி. பிராண்ட் தப்பை ஒத்துக்கொண்டார். வேலூரில் ஒரு குடியிருப்பை ஆரம்பித்தார்கள். புதுவாழ்வு மையம். அங்கேதான் லண்டனில் கற்ற தச்சு வேலை கைகொடுத்தது. சர்ஜனே உளியும் ரம்பமும் பிடித்து மரப் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பட்டறையில்தான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு கிடைத்தது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். 10 வயது மதிக்கத்தக்க ஒரு பையன், "நான் திறக்கறேன் ஐயா" என்று வந்து ஒரு திருகில் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்பு வரைக்கும் அறுத்திருக்கிறது, ரத்தம் சொட்டுகிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. நமக்கு என்றால் தோல் கிழியும் முன்பே வலி "போதும், விடு" என்று சொல்லியிருக்கும். அவனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

பிராண்டுக்குத் தலைகீழாகத் தெரிய ஆரம்பித்தது. தொழுநோய் விரலைத் தின்கிறது, சதை தானாக உதிர்கிறது என்றுதான் டாக்டர்கள் வரைக்கும் நம்பினார்கள். உண்மையில் நோய் செய்வது வலியை அணைப்பது. விரலைத் தொலைப்பது அன்றாட வாழ்க்கை. அடுப்பில் விழுந்த கிழங்கைச் சாதாரணமாகக் கையை விட்டு எடுப்பது, செருப்பில் ஏறிய ஆணியோடு நாள் முழுக்க நடப்பது. அங்கே இருந்தவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு காயமும் எப்போது, எதனால் வந்தது என்று துப்பறிவது மாதிரி கணக்கெடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. சிலர் ராத்திரி விரலோடு தூங்கி, காலையில் அதில் ஒரு பகுதி இல்லாமல் எழுந்தார்கள். கண்விழித்துக் காவல் இருந்து பார்த்ததில் தெரிந்தது: எலி. தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

அதற்குக் கண்டுபிடித்த மருந்து, பூனை. ஆளுக்கு ஒரு பூனை கொடுத்தார்கள், பிரச்சினை தீர்ந்தது.

இப்போது பெரியப்பாவின் மாவுக்கட்டுக்கு வருவோம். தொழுநோய்ப் புண் ஆறாது என்பது இன்னொரு நம்பிக்கை. நன்றாகவே ஆறும், அதன் மேல் மறுபடி மறுபடி மிதிக்காமல் இருந்தால். நமக்குக் காலில் கொப்புளம் வந்தால் என்ன செய்வோம்? நொண்டுவோம். எடையை வேறு பக்கம் மாற்றுவோம். நொண்டுவது ஒரு வைத்தியம் என்று நான் யோசித்ததே இல்லை. வலி தெரியாதவர் நொண்ட மாட்டார். அதே இடத்தில், அதே எடையை, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை வைப்பார். பின்னாளில் எலிகளின் பாதத்தில் மெல்லிய அழுத்தத்தை மெஷின் வைத்துத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தே இதை நிரூபித்தார்கள். ஒரு தடவை என்றால் ஒன்றும் ஆகாத அழுத்தம், ஓயாமல் விழுந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும்.

மாவுக்கட்டு பாதத்தின் எல்லா இடத்திலும் ஒட்டி நிற்பதால் எடை ஒரு புள்ளியில் விழாமல் பரவுகிறது. புண்ணுக்கு ஓய்வு, ஆளுக்கு நடை. தொழுநோய்ப் புண்ணுக்கு மாவுக்கட்டு போடும் வழக்கம் பிராண்டுக்கு முன்பே இந்தப் பக்கம் இருந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்று விளக்கி, அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு. இன்றைக்கும் சர்க்கரைக் காலுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு, உள்ளே மெத்தென்று இருக்குமே, அதற்குப் பின்னாலும் இதே கணக்குதான். பெரியப்பாவுக்கு இதைச் சொன்னதும் கண் விரிந்தது. செராமிக்கில் கப் வார்க்கிற அச்சும் அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான். "அப்ப என் காலைத்தான் அச்சுல போட்டு வச்சிருக்காங்க" என்றார்.

மார்கரெட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. கண் டாக்டர். ஆறு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டே தொழுநோயால் கண் போவதை ஆராய்ந்தார். கண்ணிலும் அதே கதைதான்: உறுத்தல் தெரியாதவர் இமைக்க மாட்டார், இமைக்காத கண் காய்ந்து பார்வை போகும். மெல்லுவதற்கான தசையில் ஒரு பட்டையை எடுத்து இமையில் தைக்கிற ஆபரேஷனை அங்கே செய்தார்கள். அதற்கப்புறம் வாயை மென்றால் கண் மூடும். சூயிங்கம் மென்று கண்ணைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் உண்டு!

அவருடைய ஆராய்ச்சியையும் நம்பிக்கையையும் தனித்தனியாகப் பிரிக்க என்னால் முடியவில்லை. மிஷனரி என்றதும் சிலருக்குக் கேள்வி வரும், எனக்கும் வந்தது. ஆனால் தொழுநோயாளிகள் கூட்டத்தில் பேசச் சொன்னபோது, அவர் பேசியது கைகளைப் பற்றி. ஏசுவின் கைகளை, தச்சனின் கையாக, நோயாளியைத் தொட்ட கையாக, ஆணி அடித்து மடங்கிய கையாகச் சொன்னாராம். பேசி முடித்ததும், அதுவரை வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்த கைகளை எல்லாம் வெளியே எடுத்து, எல்லாரும் மேலே தூக்கி வணக்கம் வைத்தார்கள்.

அவரே ஒரு ராத்திரி அந்தப் பக்கம் போய்விட்டு வந்தவர். நீண்ட பயணம் முடிந்து லண்டனில் ஓர் அறையில் சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசி எடுத்துக் குத்தினார், ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோய் என்று முடிவு செய்துவிட்டார். விடிய விடியத் தூங்கவில்லை. குழந்தைகளைத் தொட முடியாது, ஆபரேஷன் செய்ய முடியாது என்று என்னென்னவோ யோசனை. காலையில் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீர் என்றது. ரயிலில் நேரம் காலமில்லாமல் உட்கார்ந்து வந்ததில் ஒரு நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன் என்று பின்னால் எழுதினார். 1993-ல் ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய புத்தகத்துக்கு, யாரும் விரும்பாத பரிசு வலி என்கிற அர்த்தத்தில்தான் தலைப்பு வைத்தார்.

1966-ல் அமெரிக்கா, லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்ததும், இது செங்கல்பட்டில் பார்த்த கால் ஆச்சே என்று அவருக்குத் தோன்றியது. காரணம் வேறு, ஆனால் நரம்பு மரத்து, வலி அணைந்து, நடந்து நடந்தே புண். டயபடீஸ் கிளினிக்கில் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து "தெரியுதா?" என்று கேட்பார்கள் இல்லையா? 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை. அது தெரியவில்லை என்றால் கால் ஆபத்தில் இருக்கு என்கிற அளவு, 1980-களில் கார்வில் குழு செய்த வேலையிலிருந்து வந்தது.

எஞ்சினியர்களுக்கான பகுதி இது. வலி இல்லை என்றால் வலியைச் செய்துவிடலாமே என்று ஒரு திட்டம் போட்டார்கள். கையுறையிலும் சாக்ஸிலும் சென்சார், அழுத்தம் அதிகமானால் காதில் பீப். கேட்கிறதா? கேட்கிறது. ஆனால் கையை எடுக்கிறார்களா? எடுக்கவில்லை. ஸ்க்ரூவை முறுக்கி முடித்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள். சரி என்று, உணர்ச்சி மிச்சம் இருக்கும் அக்குளில் கரண்ட் ஷாக் வைத்தார்கள். அது வலித்தது. அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? ஷாக் அடிக்கும் வேலை என்று தெரிந்தால், முதலில் சுவிட்சை ஆஃப் செய்தார்கள், வேலையை முடித்தார்கள், மறுபடி ஆன் செய்தார்கள். பல வருஷ உழைப்பு, கைவிட்டுவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஆன்-கால் இருந்த ஒரு ராத்திரி, தொல்லையாக இருக்கு என்று ஓர் அலெர்ட்டை மியூட் செய்துவிட்டுத் தூங்கினவன் நான். காலையில் டேட்டாபேஸ் டிஸ்க் நிரம்பியிருந்தது. நாமே அணைக்க முடிகிற எச்சரிக்கையை நாம் அணைத்துவிடுவோம். உண்மையான வலிக்கு சுவிட்ச் நம் கையில் இல்லை, அதுதான் அதன் பலமே.

அப்போ வலி போனவர் என்ன செய்வது? வேலூரிலும் கரிகிரியிலும் கார்விலிலும் பலன் கொடுத்தது பழைய முறைதான்: தினமும் கண்ணால் பார்ப்பது, கையால் தொட்டுப் பார்ப்பது. ஓர் இடம் மட்டும் சுடுகிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது, நடையைக் குறை. தானே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் இன்னொருவர் பார்ப்பது ரொம்ப நல்லது.

1960-ல் லாஸ்கர் விருது, அடுத்த வருஷம் சி.பி.இ. பட்டம் என்று பிராண்டுக்கு மரியாதைகள் வந்தன. 2003 ஜூலை 8 அன்று சியாட்டிலில் இறந்தார். 1980-களில் இருந்து கூட்டு மருந்து சிகிச்சை வந்துவிட்டதால், தொழுநோயை இன்றைக்கு 6 அல்லது 12 மாத மாத்திரையில் குணப்படுத்தலாம், அரசு மருத்துவமனையில் இலவசம். வலி தெரியாத கால்கள் மட்டும் குறையவில்லை. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். உங்க வீட்டிலும் ஒருத்தர் இருக்கலாம். இருந்தால், அடுத்த செக்கப்பில் அந்த நைலான் இழைப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்க. செருப்பு போடும் முன் உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்க வேண்டாம், மரத்துப்போகாத முழங்கையாலோ, வீட்டில் இன்னொருவர் கையாலோ பார்க்கலாம்.

பெரியப்பாவுக்கு ரெண்டு மாசத்தில் புண் மூடியது. கப்பை வெறுங்கையில் எடுத்த அந்தப் பெருமை காய்ப்பா, சர்க்கரையா என்று இப்போது எங்க யாருக்கும் தெரியாது. கோயிலுக்குப் போகிறார், ஆனால் கல் சூடேறும் முன்னாடி, காலை 6 மணிக்கு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் காலை நீட்டி உட்காருவார். பெரியம்மா செல்போன் டார்ச்சை அடித்து, விரல் இடுக்கு, குதிகால், எல்லாம் பார்ப்பார். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை, என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பெரியவர் காலைப் பிடிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு. தொட்டால் மத்த இடத்தை விடச் சூடு.

"என்னடா தம்பி?"

"புதுச் செருப்பா பெரியப்பா?"

"ஆமா."

"மாத்துங்க."

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.